ஜோடி வேடம் துறந்தார்; குரலால் ஜெயித்தார்!
அவ்வையாக வாழ்ந்த கே.பி.சுந்தராம்பாள்

திருக்கோவிலூர் கீழையூர் வீரட்டேஸ்வரர் கோவிலில் பெரியானைக் கணபதி சன்னதி இருக்கிறது. அவ்வையார் விநாயகர் அகவல் பாடியது இங்கேதான் என்பது ஊர் ஐதீகம். பாரி மகளிருக்கு அவ்வை கல்யாணம் செய்து வைத்ததும் இந்த ஊரில்தான் என்பார்கள். அந்த அவ்வை எப்படி இருந்தாரோ, யார் கண்டது? ஆனால் அவ்வை என்றதும் நம் காதில் கேட்பது கே.பி.சுந்தராம்பாளின் குரல்தான்.

ரெயிலில் பாடிய சிறுமி

1908-ல் கொடுமுடியில் பிறந்தவர். ஏழைக் குடும்பம். சின்ன வயதில் ரெயிலில் பாடிக் காசு சேர்த்தவரை நாடகக்காரர்கள் அழைத்துப் போனார்கள். அப்போது மேடையில் மைக் ஏது? கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் இருப்பவனுக்கும் கேட்கும்படி பாட வேண்டும். சுந்தராம்பாளுக்கு அது கேட்கிற வரம் போல அமைந்தது.

இலங்கையில் நாடகம் போட்டபோது செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பாவுடன் ஜோடி சேர்ந்தார். கிட்டப்பா ஏற்கனவே கல்யாணம் ஆனவர். இருந்தும் 1927-ல் இருவரும் மணந்துகொண்டனர். மேடையில் போட்டி போட்டுப் பாடிய ஜோடி வீட்டில் நிம்மதியாக வாழவில்லை. சண்டை, பிரிவு, மனவருத்தம். 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்து போனார். அவருக்கு 27 வயதுதான். சுந்தராம்பாளுக்கு 25.

வெள்ளைப் புடவை

அன்று கட்டிய வெள்ளைப் புடவையை அவர் கடைசிவரை மாற்றவில்லை. இனி எந்த ஆணுடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்று சபதம் செய்தார். வள்ளி வேடம் போட்டு ஊர் ஊராக வசூல் குவித்தவர், பிழைப்பையே உதறிவிட்டார்!

மிச்சம் இருந்தது குரல் ஒன்றுதான். கச்சேரி செய்தார். கிராமபோன் தட்டுகளிலும் அந்தக் குரல் சுழன்றது. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான் பிடிக்கும். மேடையில் ஒரே பாட்டை அரை மணி இழுக்கலாம். இங்கே அதற்குள் அழவும் வைக்க வேண்டும், முடிக்கவும் வேண்டும். முகம் தெரியாது, நடை உடை தெரியாது. அதையும் சாதித்தார்.

லட்ச ரூபாய்

1935-ல் "நந்தனார்" படம். ஜோடி இல்லாத ஆண் வேடம் என்பதால் சபதம் உடையவில்லை. சம்பளம் ஒரு லட்சம்! நாடே வாயைப் பிளந்தது. படம் என்னவோ சரியாகப் போகவில்லை. எருமை மாடு நன்றாக நடித்திருக்கிறது என்கிற தோரணையில் கல்கி கிண்டல் செய்தார். ஆனால் பாட்டைக் குறை சொல்ல ஆளில்லை.

1953-ல் ஜெமினியின் "அவ்வையார்" வந்தது. கிழவிக்கு ஜோடி எதற்கு? சபதத்துக்கென்றே அமைந்த வேடம். 1965-ல் "திருவிளையாடல்", 1967-ல் "கந்தன் கருணை" என்று மறுபடியும் அவ்வையாகவே வந்தார். சட்ட மேலவையிலும் இருந்தார். 1970-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. "துணைவன்" படத்தில் பாடியதற்கு தேசிய விருது.

1980-ல் மறைந்தார். கோவில் திருவிழா என்றால் குழாய் கட்டி முதலில் போடுவது இன்றும் அந்த அம்மா பாட்டைத்தான்.