சக வீரரைக் காத்து உயிர்நீத்த பெங்களூரு மேஜர்: சந்தீப் உன்னிகிருஷ்ணனின் வாழ்க்கை

பெங்களூரு: மும்பை தாஜ் ஹோட்டலுக்குள் புகுந்த பயங்கரவாதிகளுடன் போரிட்டு, 2008 நவம்பர் 28 அன்று வீரமரணம் அடைந்தவர் மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணன். அப்போது அவருக்கு வயது 31.

கேரளத்தின் கோழிக்கோட்டில் 1977 மார்ச் 15 அன்று பிறந்த சந்தீப், வளர்ந்ததும் படித்ததும் பெங்களூருவில்தான். இஸ்ரோ அதிகாரியான உன்னிகிருஷ்ணனுக்கும் தனலட்சுமிக்கும் அவர் ஒரே மகன். நகரின் பிராங்க் அந்தோணி பள்ளியில் படிப்பை முடித்து, 1995ஆம் ஆண்டு புனே தேசிய பாதுகாப்பு அகாடமியில் சேர்ந்தார்.

கார்கில் போர் நடந்துகொண்டிருந்த 1999 ஜூலையில், பீகார் ரெஜிமெண்டின் 7ஆவது பட்டாலியனில் அதிகாரியாகப் பொறுப்பேற்றார். ஜம்மு காஷ்மீரிலும் ராஜஸ்தானிலும் பணியாற்றினார். ராணுவத்தின் கடினமான பயிற்சிகளில் ஒன்றான 'காதக்' கமாண்டோ பயிற்சியைப் பெலகாவியில் சிறப்பாக நிறைவு செய்தார். 2007 ஜனவரியில் தேசிய பாதுகாப்புப் படையின் 51ஆவது சிறப்பு அதிரடிப் பிரிவில் சேர்ந்து, அங்கு பயிற்சி அதிகாரியாக இருந்தார்.

2008 நவம்பர் 26 அன்று இரவு, கடல் வழியாக வந்த பயங்கரவாதிகள் மும்பையின் பல இடங்களைத் தாக்கினர். மறுநாள் டெல்லியிலிருந்து விமானத்தில் வந்திறங்கிய கமாண்டோக்களில் சந்தீப்பும் ஒருவர். பிறருக்குப் பயிற்சி அளித்துவந்த அவர், தாஜ் ஹோட்டலுக்குள் நுழைந்த குழு ஒன்றுக்குத் தலைமை ஏற்றார். அக்குழு 14 பணயக்கைதிகளை மீட்டது.

தேடுதலின்போது பயங்கரவாதிகள் சரமாரியாகச் சுட்டதில் கமாண்டோ ஒருவர் படுகாயமடைந்தார். பயங்கரவாதிகள் நகர முடியாதபடி எதிர்த்துச் சுட்ட சந்தீப், காயமடைந்தவரை மீட்டு வெளியேற்ற வழிசெய்தார். அந்த மோதலில் அவரது வலது கையில் குண்டு பாய்ந்தது. ஆயினும், குழுவினர் யாரும் மேலே வர வேண்டாம் என்று அறிவுறுத்திவிட்டு, தப்பியோடிய பயங்கரவாதிகளை அவர் தனியாகத் துரத்திச் சென்றதாக அதிகாரிகள் பின்னர் தெரிவித்தனர். இறுதி மூச்சு வரை போரிட்டு அவர் உயிர்நீத்தார்.

தாஜ் ஹோட்டலில் இருந்த பயங்கரவாதிகள் நால்வரும் நவம்பர் 29 அன்று காலைக்குள் கொல்லப்பட்டனர். மும்பைத் தாக்குதலில் 166 பேர் உயிரிழந்தனர். நரிமன் இல்லத்தில் போரிட்ட ஹவில்தார் கஜேந்தர் சிங்கும் தேசிய பாதுகாப்புப் படை இழந்த மற்றொரு வீரர்.

சந்தீப்பின் உடல் பெங்களூருவுக்குக் கொண்டுவரப்பட்டு, பெருந்திரளான மக்களின் அஞ்சலிக்குப் பின் ஹெப்பாளில் முழு ராணுவ மரியாதையுடன் தகனம் செய்யப்பட்டது. போர்க்காலத்தின் பரம்வீர் சக்ராவுக்கு இணையாக அமைதிக்கால வீரச்செயல்களுக்கு வழங்கப்படும் மிக உயரிய விருதான அசோக் சக்ரா, 2009 ஜனவரி 26 அன்று அவருக்கு வழங்கப்பட்டது. குடியரசுத் தலைவர் பிரதீபா பாட்டீலிடமிருந்து தாய் தனலட்சுமி அதனைப் பெற்றுக்கொண்டார்.

அவரது வாழ்க்கையை மையமாகக் கொண்ட 'மேஜர்' திரைப்படம் 2022ஆம் ஆண்டு வெளியானது. அவர் வளர்ந்த நகரில், எலகங்கா பகுதிச் சாலை ஒன்று இன்று அவரது பெயரைத் தாங்கி நிற்கிறது.