கல்லில் கணக்கெழுதிய மாமன்னர்

தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் செல்லும் அன்பர்கள் வானளாவிய விமானத்தை அண்ணாந்து பார்த்து மெய்சிலிர்ப்பர். அதன் அடித்தளத்தைச் சுற்றி வரிவரியாக வெட்டப்பட்டிருக்கும் எழுத்துகளின்மீது கண் செலுத்துவோர் மிகச் சிலரே. கட்டி முடித்த ஆலயத்தை யார், எவ்வாறு, எந்தப் பொருளைக் கொண்டு நடத்துவது என்பதை முதலாம் இராசராச சோழர் அங்கேதான் எழுதி வைத்தார்.

சுந்தர சோழருக்கும் வானவன் மாதேவியாருக்கும் மகவாகச் சதய நாளில் பிறந்த இவரது இயற்பெயர் அருள்மொழி. இளமையிலேயே பெருந்துயரங்கள் இவரைச் சூழ்ந்தன. தமையனார் ஆதித்த கரிகாலர் கொலையுண்டார். தந்தையார் மறைந்தபோது தாயாரும் உடன் உயிர் துறந்தார். அரியணை தம்மைத் தேடி வந்த வேளையிலும், சிற்றப்பன் முறையினரான உத்தம சோழர் அதனை விரும்பியதால் அருள்மொழியார் விலகி நின்றதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. கி.பி. 985ஆம் ஆண்டில்தான் இவர் முடி சூடினார். தாயை இழந்த இவருக்குத் தமக்கை குந்தவையாரே இறுதிவரை துணையாக விளங்கினார்.

சேரரையும் பாண்டியரையும் வென்றது, ஈழத்தில் சோழக்கொடியை நாட்டியது போன்ற போர்ச்செய்திகள் பலரும் அறிந்தவையே. அவற்றினும் அரிய செயல் ஒன்றை இவர் 1001ஆம் ஆண்டளவில் செய்வித்தார். சோழநாட்டு நிலம் முழுவதையும் அளக்கச் செய்தார். வேலி என்னும் அளவை மிக நுண்ணிய பின்னங்களாகப் பிரித்து அளந்தனர். குடியிருப்பு, குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகிய நிலங்களைக் கழித்த பின்னரே வரி விதிக்கப்பட்டது. தம்மிடம் என்ன இருக்கிறது என்பதை முதலில் அறிந்துகொண்டு, அதன் பிறகே மாபெரும் திருப்பணியில் கை வைத்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

தஞ்சை வண்டல் மண் படிந்த வயல் நாடு. கருங்கல் அருகில் கிடையாது. தொலைவிலிருந்தே கொண்டுவர வேண்டும். அவ்விடத்தில் இருநூறு அடிக்கும் மேல் உயர்ந்த விமானத்தை எழுப்பி, தமது 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், அதாவது 1010ஆம் ஆண்டில், செப்புக் கலசத்தை மன்னர் வழங்கினார். பெருந்தச்சர் குஞ்சரமல்லரின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. திருச்சுற்று மாளிகையை எடுப்பித்த படைத்தலைவர் கிருஷ்ணன் இராமன், ஆலயக் காரியம் பார்த்த ஆதித்தன் சூரியன் ஆகியோரும் பெயரோடு குறிக்கப்பட்டுள்ளனர். தம் கொடையையும், தமக்கையாரின் கொடையையும், தேவியர் கொடையையும், ஏனையோர் கொடையையும் விமானக் கல்லிலேயே பொறிக்குமாறு மன்னர் ஆணையிட்டார்.

பொறித்த விதம் வியப்பூட்டுவது. அணிகலன் ஒவ்வொன்றும் ஆலயத்திற்கென வைத்திருந்த எடைக்கல்லால் நிறுக்கப்பட்டது. முத்துகளுக்கு உருண்டை, தட்டை, இரட்டை, தோல் உரிந்தது என வகை பிரித்து எண்ணிக்கை எழுதினர். கோத்த நூலும் ஒட்டிய அரக்கும் எடையில் எவ்வாறு கொள்ளப்பட்டன என்பதற்கும் குறிப்பு உண்டு. குறை உள்ள கல்லைக் குறையுள்ளது என்றே எழுதினர். மன்னர் கொடுத்த பொருளாயிற்றே என்று எவரும் தயங்கவில்லை! ஆண்டுக்கொரு முறை ஆலயக் கணக்கை முடிப்பதற்கே எத்தனை பாடு என்பதைப் பொறுப்பில் இருந்தோர் அறிவர்.

ஒரு திருவிளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் என வகுத்தனர். அவற்றைப் பெயர் குறிப்பிட்ட இடையர்களிடம் ஒப்படைத்தனர். அவர்கள் விளக்கு ஒன்றுக்கு நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். ரொக்கமாக வந்த காசு ஊர்ச்சபைகளிடம் முதலாக வைக்கப்பட்டது. காசுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை, வட்டியாக வந்தது. முதல் குறையாமல் வட்டியைக் கொண்டே பூசைச் செலவு நடந்தது. திருமெய்காப்பு செய்வோரை அனுப்பும் பொறுப்பும், ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் அளக்கும் பொறுப்பும் அந்தந்த ஊர்களைச் சார்ந்தவை.

திருப்பதியம் விண்ணப்பம் செய்வோர் 48 பேர். உடுக்கை, கொட்டிமத்தளம் வாசிப்போர் இருவர். இந்த ஐம்பதின்மருக்கும் தலைக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல். ஆடல் மகளிர் 400 பேருக்கும் ஆளுக்கொரு வீடும், நூறு கலம் நெல் விளைவுள்ள ஒரு பங்கும் கிடைத்தன. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்பதுவரை கல்லில் உள்ளது. கணக்கர், தச்சர், தையற்காரர், குயவர், நாவிதர், தண்ணீர் தெளிப்போர் வரை எவரும் விடுபடவில்லை. பணியாளர் இறந்தாலோ வேற்றூர் சென்றாலோ நெருங்கிய உறவினர் அப்பணியை ஏற்கலாம். உறவினர் தகுதியற்றவராயின் தகுதியுள்ள வேறொருவரை அமர்த்த வேண்டும். உரிமை உறவுக்கு உண்டு, ஆனால் தகுதியோடுதான் என்ற இந்த ஏற்பாட்டில் மன்னரின் கூர்மதி விளங்குகிறது.

குறையே இல்லை என்று சொல்வதற்கில்லை. பொற்பூக்களும் பாத்திரங்களும் சேர பாண்டியரை வென்று கொணர்ந்த செல்வத்தினின்று செய்யப்பட்டவை எனக் கல்வெட்டே உரைக்கிறது. திருவையாறு, திருவாரூர் முதலிய ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவரப்பட்ட அப்பெண்டிரின் விருப்பத்தை எவரேனும் கேட்டனரா என்பதற்குக் கல்லில் விடை இல்லை.

இந்த ஒழுங்குமுறை பிற சமயத்தாருக்கும் பொருந்தி நின்றது. கடாரத்து மன்னர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய புத்த விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை இராசராசர் 1006ஆம் ஆண்டில் வழங்கினார். வாயால் மொழிந்த ஆணை அதிகாரிகள் பலரின் கைகளைக் கடந்து ஏட்டில் ஏறியது. பிடியானையை நடத்தி ஊரின் எல்லையைக் குறித்தனர். செப்பேட்டில் அது பொறிக்கப்பட்டபோது மன்னர் உயிரோடு இல்லை. தந்தையின் சொல்லை மைந்தர் இராசேந்திரர் நிறைவேற்றினார்.

இராசேந்திரருக்கு 1012ஆம் ஆண்டிலேயே இளவரசுப் பட்டம் சூட்டி ஆட்சியில் பங்களித்திருந்த மாமன்னர், 1014ஆம் ஆண்டில் மறைந்தார். காலப்போக்கில் பேரரசு அழிந்தது. பங்கு நிலங்களும் கைமாறின. பெரிய கோயிலைக் கட்டியவர் யார் என்பதையே மக்கள் மறந்து, தலபுராணக் கதைகளில் வேறொரு சோழருக்கு அப்பெருமையைச் சூட்டினர். 1886ஆம் ஆண்டில் கல்வெட்டு ஆய்வாளராகப் பொறுப்பேற்ற ஹுல்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் அச்சுவரிகளைப் படித்து வெளியிட்ட பின்னரே இராசராசரின் பெயர் உலகுக்கு மீண்டும் தெரியவந்தது. நெய் அளந்த இடையர்களின் பெயர்களும் அவரது பெயரோடு சேர்ந்தே வெளிவந்தன.