62 கிலோ எடையில் ஒரு நட்சத்திரம்

உரும்பிராயிலிருந்து ரொறன்ரோவில் குடியேறிய என் அக்காவின் மகன் ஐஸ் ஹொக்கி விளையாடுகிறான். அணியில் அவன்தான் ஆகச் சின்னவன். விட்டுவிடலாமா என்று யோசிக்கிறான். அவனுக்காகத் தேடியபோதுதான் ஒரேல் ஜோலியாவின் கதையை வாசித்தேன்.

1901இல் ஒட்டாவாவில் பிறந்தவர். உயரம் 5 அடி 7 அங்குலம். எடை சுமார் 62 கிலோ. 1922இல் மொன்றியல் கனேடியன்ஸ் அணி தன் நட்சத்திர வீரர் நியூசி லலோண்டை சஸ்கற்றூனுக்குக் கொடுத்து இவரை வாங்கியபோது ரசிகர்கள் கொதித்தார்கள்.

எதிராளியை உடம்பால் மோதித் தடுக்க விதியே இடம்தரும் ஆட்டம் இது. ஜோலியா பலத்தோடு பலம் பார்க்கவில்லை. வேகமாக வந்து, சட்டென்று திசைமாறி விலகினார். பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு அவருடைய மட்டையை விட்டு அகலவில்லை. பக்கத்தில் ஹோவி மொரன்ஸ் என்ற மின்னல்வேக வீரர் இருந்தார். இருவரும் ஒருவருக்கொருவர் வழி திறந்தார்கள்.

16 பருவங்கள், 270 கோல்கள், மூன்று ஸ்ரான்லி கிண்ணங்கள். 1934இல் லீக்கின் மிகப் பெறுமதியான வீரருக்கான ஹார்ட் விருது. 1986இல் காலமானார்.

சின்ன உடம்புக்கு அடி விழாது என்று இந்தக் கதை சொல்லவில்லை. அவருக்கும் தோள், விலா, மூக்கு என்று காயங்கள் பட்டன. மோதலுக்கு முந்திய அரை நொடியை எப்படிப் பயன்படுத்துவது என்பதையே மருமகனுக்குச் சொல்லியிருக்கிறேன். விடுவதா, தொடர்வதா என்பதை அவனே முடிவுசெய்யட்டும்.