கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன்

எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையையே தொல்காப்பியர் முதற்கண் வைத்தார். எனினும், பிறர் இழிவைக் காட்டி நகைப்பித்தல் எளிது. நகைப்போர் தம் குறையைத் தாமே உணருமாறு நகைப்பித்தல் அரிது. அவ்வரிய செயலைத் தமிழ்த் திரையிற் செய்தவர் கலைவாணர் கிருஷ்ணன். அன்னாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

இவர் 1908ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29ஆம் நாள் நாகர்கோவிலைச் சார்ந்த ஒழுகினசேரியில் எளிய குடியிற் பிறந்தார். வறுமையாற் பள்ளிப் படிப்பு நீடிக்கவில்லை. வில்லுப்பாட்டும் நாடகமேடையுமே இவருக்குக் கல்லூரியாயின. அமெரிக்கரான எல்லிஸ் டங்கன் இயக்கி 1936இல் வெளிவந்த 'சதி லீலாவதி'யில் இவர் நடித்தார்.

அக்காலத்தே ஹாலிவுட்டில் மெலிந்த லாரலும் பருத்த ஹார்டியும் இணைந்து நடித்து உலகை நகைப்பித்து வந்தனர். தமிழகத்திலோ கணவனும் மனைவியுமே அத்தகைய இணையாயினர். 'வசந்தசேனா' படத்திற்காகப் பூனா சென்ற கிருஷ்ணனும் டி. ஏ. மதுரமும் பின்னர் மணம் புரிந்தனர். தம் நகைச்சுவைப் பகுதிகளைத் தாமே அமைத்தனர். சொற்போரில் மனைவி வெல்லக் கணவர் தோற்று நிற்பதைக் கண்டு மக்கள் மகிழ்ந்தனர். மகிழ்ந்தவாறே சிந்திக்கவுங் கற்றனர்.

புகழின் உச்சியில் பேரிடர் வந்துற்றது. 1944 நவம்பரில் சென்னையில் லட்சுமிகாந்தன் என்னும் பத்திரிகையாளர் கொலையுண்டார். அவ்வழக்கில் கிருஷ்ணனும் தியாகராஜ பாகவதரும் சிறைப்பட்டு, 1945இல் ஆயுள் தண்டனை பெற்றனர். மதுரம் மனந்தளராது நாடகக் குழுவைக் காத்தார். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று மீண்டது. 1947இல் சென்னை உயர்நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது.

சிறை மீண்டவர் கசப்புற்று ஒதுங்கினாரல்லர். அண்ணாதுரையின் கதையாகிய 'நல்லதம்பி' 1949இல் வெளிவந்தது. அதில் இவர் நிகழ்த்திய 'கிந்தனார்' கதாகாலட்சேபம் நந்தனார் கதையைப் புதுநெறிப்படுத்தியது. நந்தனார் தில்லையை நாடினார். தாழ்த்தப்பட்ட குடியிற் பிறந்த கிந்தனோ கல்வியை நாடி, பள்ளி அதிகாரியாய்த் தன் ஊர்க்கு மீண்டான். கல்வராயன் மலையடியிலுள்ள கச்சிராயபாளையம் போன்ற ஊர்களிலிருந்து கல்லூரி புகுந்துள்ள நமக்கு அக்கதை வெறும் நகையன்று. கற்றபின் ஊர்க்கு யாது செய்வோம் என்னும் வினாவும் அதனுள் அடங்கியுள்ளது.

ஈட்டியதை இல்லார்க்கு வழங்கிய இவ்வள்ளல் 1957 ஆகஸ்டு 30ஆம் நாள் மறைந்தார். நான்காண்டுப் பள்ளியும் காணாதார் பலர்க்கு இவர்தம் நகையே ஆசானாயிற்று. பட்டம் பெறும் நாம், பிறரை நகையாடுதலை விடுத்து, அவர்தம் துயர் துடைக்க முந்துவோமாக.