காலத்தே செய்த சிறப்பு

ஒருவர் வாழும்போது அவர்தம் அருமையை உணர்தலும், மறைந்தபின் உணர்தலும் ஒன்றாகா. முன்னையது அவருள்ளத்தைக் குளிர்விக்கும். பின்னையது நமக்கு ஆறுதலாகுமேயன்றி அவரைச் சென்றடையாது. விபுலாநந்த அடிகளாரின் வரலாறு இதனை நன்கு புலப்படுத்துகின்றது.

கிழக்கிலங்கையிலே காரைதீவில், சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் மைந்தராக 1892 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தோன்றிய மயில்வாகனனாரே பின்னர் விபுலாநந்தரானார். கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் அவர் பயின்றார். மிஷன் பாடசாலையிற் கற்ற என் போன்றோர்க்கு இது தனி மகிழ்ச்சி தருவதாகும். ஆங்கிலக் கல்வி அவரைத் தமிழினின்று பிரிக்கவில்லை. 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரானார். 1920 இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியானார். அவ்வாண்டே மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவியும் வாய்த்தது. அதனைத் துறந்து, 1922 இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தை அடைந்து, 1924 இல் துறவு பூண்டார். கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியதும், 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்ததும் யாவரும் அறிந்தவையே.

ஆயினும், அவருள்ளத்தை வருத்திய குறை ஒன்றுண்டு. பண்டைப் பாணர் கையிலே ஒலித்த யாழ், பேணுவாரின்றி மறைந்துபோயிற்று. பெயர் ஏடுகளிலே நின்றது. ஒலியை அறிந்தார் ஒருவருமிலர். அடிகளார் சிலப்பதிகார அரங்கேற்று காதையையும் அடியார்க்குநல்லார் உரையையும் துணைக்கொண்டார். தாம் கற்ற கணிதத்தால் நரம்புகளின் நீளத்தையும் சுருதிகளையும் கணக்கிட்டார். பத்தாண்டுக்கு மேற்பட்ட அவ்வுழைப்பே ‘யாழ் நூல்’ ஆயிற்று. முன்னோர் போற்றாது விட்டதொன்றை மீட்க ஒரு துறவி தம் உடல்நலத்தையும் பாராது உழைத்தார்.

அந்நூலைக் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தார் வெளியிட்டனர். 1947 ஜூன் மாதத்தில், சோழ நாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே அரங்கேற்றம் நிகழ்ந்தது. அடிகளார் அப்பொழுது உடல் தளர்ந்திருந்தார். அவர் ஆய்வின் வழியே அமைத்த கருவிகள் அங்கே இசைக்கப்பட்டன. அவ்விசையையும் அறிஞரின் பாராட்டையும் தம் செவியாலேயே கேட்டார்.

ஆறு வாரங்கள் கழிந்தன. ஜூலை 19 ஆம் நாள் கொழும்பிலே அடிகளார் மறைந்தார். அவர் திருவுடல் சிவானந்த வித்தியாலய வளவிலே அடக்கஞ் செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு பார்ப்போம் என்று அவ்வன்பர்கள் விழாவை ஒத்திவைத்திருப்பின், அது அஞ்சலிக் கூட்டமாகவே முடிந்திருக்கும்.

என் பாட்டனார் சிறுவராயிருந்தபோது அடிகளாரை ஒருமுறை கண்டவர். அக்கதையை அவர் தொடங்கும்போதெல்லாம், பரீட்சை முடியட்டும் என்று கூறி எழுந்துவிடுவேன். பரீட்சை முடிந்தது, பாட்டனாரும் போய்விட்டார். அடிகளாரின் குரல் எப்படியிருந்தது என்று இனி யாரைக் கேட்பேன்? யாழின் ஒலியை இழந்த பழங்காலத்தாரைக் குறைகூற எனக்கு உரிமையில்லை.

இளைஞர்காள்! உங்கள் இல்லத்திலும் முதியவர் ஒருவர் சொல்லக் காத்திருப்பார். இம்மலரை மூடிவைத்துவிட்டு, இன்று மாலையே அவரருகிற் சென்று அமருங்கள்.