எம்ஜிஆர் வேற்றுகிரகம் போன படம் தெரியுமா? 'கலை அரசி'யும் ராமாவரம் தோட்டத்து மனிதரின் கதையும்

2024 பொங்கலுக்கு சிவகார்த்திகேயனின் 'அயலான்' வந்தது. வேற்றுகிரகவாசி ஒருவர் பூமிக்கு வரும் கதை. தமிழ் சினிமாவுக்கு இது புதுசு என்று நினைத்தால், கொஞ்சம் பின்னால் போகணும். ரொம்ப இல்லை, 61 வருஷம்தான்!

1963 ஏப்ரல் 19. 'கலை அரசி' என்ற கறுப்பு வெள்ளைப் படம் ரிலீஸ் ஆனது. அதில் பறக்கும் தட்டு இருக்கு, வேற்றுகிரகவாசிகள் இருக்காங்க, வேற்றுகிரக ராஜாவும் இளவரசியும் இருக்காங்க. ஹீரோ யார் தெரியுமா? எம்ஜிஆர்.

அவரது பெரிய வெற்றிப் படங்களின் பட்டியலில் இந்தப் படத்துக்கு இடம் கிடைக்கவில்லை. 'எங்க வீட்டுப் பிள்ளை', 'ஆயிரத்தில் ஒருவன்' என்று அடுக்குபவர்கள்கூட இதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். ஆனால் இன்றைக்கு உட்கார்ந்து பார்த்தால் செமயாக ரசிக்க வைக்கும் படம் இது. எம்ஜிஆர் என்ற மனிதரின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ளவும் இந்தப் படம் உதவும். எப்படி? பார்க்கலாம்.

கதை என்ன?

தூரத்தில் ஒரு கிரகம். அறிவியலில் பூமியைவிடப் பல படி மேலே. ஆனால் ஒரு குறை. அங்கே கலை கிடையாது, பாட்டு கிடையாது. பாடத் தெரிந்த ஒருவரைக் கூட்டி வந்து தங்கள் மக்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைக்கணும் என்று பூமிக்கு ஆள் வருகிறது. அந்த ஆள் எம்.என்.நம்பியார்!

அவர் கடத்திக்கொண்டு போவது வாணி என்ற பெண்ணை. வாணியாக நடித்தவர் பி.பானுமதி. நடிப்பு மட்டுமில்லாமல் சொந்தக் குரலில் பாடுவதிலும் பெயர் பெற்றவர். அதனால், பாட்டுக்காக ஒரு பெண்ணை வேற்றுகிரகம் தேடி வருகிறது என்றால் நம்பும்படி இருந்தது. வாணியைப் போலவே தோற்றம் கொண்ட, மனநலம் பாதித்த வள்ளி என்ற வேடமும் அவருக்கே.

வாணியைக் காதலிக்கும் விவசாயி மோகன், அதாவது எம்ஜிஆர், அவளைத் தேடி அந்தக் கிரகத்துக்கே போய்ச் சேருகிறார். அங்கே தன்னைப் போலவே இருக்கும் ஒரு கோமாளியின் இடத்தில், கோமாளி வேஷம் போட்டு அரண்மனைக்குள் நுழைகிறார். இளவரசியாக ராஜஸ்ரீ. இயக்கம் ஏ.காசிலிங்கம், இசை கே.வி.மகாதேவன்.

வாள் எடுத்து நாட்டையே காப்பாற்றும் எம்ஜிஆர், வேற்றுகிரக அரண்மனையில் கோமாளியாக நிற்கிறார். இந்தப் படத்தின் சுவாரசியமே அங்கேதான்.

அப்போ விண்வெளி எந்த நிலையில் இருந்தது?

இதைக் கொஞ்சம் கவனியுங்கள். யூரி ககாரின் விண்வெளிக்குப் போனது 1961 ஏப்ரல் 12. 'கலை அரசி' வந்தபோது அது நடந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

அதுவரை எந்தப் பெண்ணும் விண்வெளிக்குப் போகவில்லை. சோவியத் யூனியனின் வாலன்டினா தெரெஷ்கோவா போனது 1963 ஜூன் 16. படம் வெளியாகி சரியாக 58 நாள் கழித்து. ஆக, நிஜத்தில் ஒரு பெண் விண்வெளிக்குப் போகும் முன்பே தமிழ்த் திரையில் வாணி போய்விட்டார்.

இந்தியா தும்பாவில் இருந்து முதல் ராக்கெட்டை ஏவியது அதே வருஷம் நவம்பர் 21. அமெரிக்காவின் 'ஸ்டார் ட்ரெக்' தொடர் ஆரம்பித்தது 1966-ல். தமிழில் இதற்கு முன் அறிவியல் புனைவு என்றால், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கர்களோடு சேர்ந்து 1952-ல் எடுத்த 'காடு' படத்தைச் சொல்லலாம். அது காட்டுக்குள் நடக்கும் கதை. வானத்துக்குப் போனது 'கலை அரசி'தான்.

இந்த இடத்துக்கு எம்ஜிஆர் எப்படி வந்தார்?

மருதூர் கோபாலன் ராமச்சந்திரன் பிறந்தது 1917 ஜனவரி 17, இலங்கையில் கண்டிக்குப் பக்கத்தில் உள்ள நாவலப்பிட்டியில். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட, அம்மா சத்யபாமா பிள்ளைகளோடு கும்பகோணம் வந்தார். வறுமை. படிப்பைத் தொடர முடியவில்லை. அண்ணன் சக்ரபாணியும் தம்பி ராமச்சந்திரனும் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார்கள்.

1936-ல் 'சதிலீலாவதி' படத்தில் முதல் வாய்ப்பு. எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கிய படம். எம்ஜிஆருக்குக் கிடைத்தது சின்ன போலீஸ் வேடம். அதற்குப் பிறகு கதாநாயகன் ஆக எத்தனை வருஷம் ஆனது தெரியுமா? 11. 1947-ல் 'ராஜகுமாரி' வந்தபோது அவருக்கு வயது 30.

அடுத்து 'மந்திரிகுமாரி', 'மலைக்கள்ளன்', 'அலிபாபாவும் 40 திருடர்களும்', 'மதுரை வீரன்' என்று ஏறுமுகம். 1958-ல் தன் கையில் இருந்ததை எல்லாம் போட்டு, தானே தயாரித்து, தானே இயக்கி, இரட்டை வேடத்தில் நடித்த படம் 'நாடோடி மன்னன்'. தோற்றிருந்தால் எல்லாமே போயிருக்கும். ஆனால் படம் பெரிய வெற்றி.

'நாடோடி மன்னன்' படத்தில் இருந்து பாதியிலேயே விலகியவர் யார் என்றால், இதே பானுமதிதான். இருவருக்கும் கருத்து வேறுபாடு. அதன் பிறகும் இருவரும் சேர்ந்து நடித்தார்கள். 'கலை அரசி'யில் அந்தப் பானுமதியைத் தேடித்தான் எம்ஜிஆர் இன்னொரு கிரகம் வரை போகிறார்!

ஏன் இது ரிஸ்க்?

1963-ல் எம்ஜிஆர் நடிகர் மட்டும் கிடையாது. 1953-ல் திமுகவில் சேர்ந்து, 1962-ல் சட்டமேலவை உறுப்பினர் ஆனவர். திரையில் என்ன செய்கிறார் என்பதை ரசிகர் மட்டும் பார்க்கவில்லை, வாக்காளரும் பார்த்தார். அதனால் குடிக்கிற, புகைபிடிக்கிற காட்சிகளைத் தவிர்த்தார். ஏழைக்கு உதவுகிற, தாயை மதிக்கிற, தப்பைத் தட்டிக் கேட்கிற பாத்திரங்களையே தேர்ந்தெடுத்தார்.

அந்த வழியில் இருந்து விலகினால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். 1962-ல் வந்த 'பாசம்' படத்தில் அவருடைய பாத்திரம் கடைசியில் இறந்துபோகும். ரசிகர்களால் அதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதே வருஷம் பிப்ரவரியில் அவரது மனைவி சதானந்தவதியும் காலமாகியிருந்தார். தனிப்பட்ட வாழ்க்கையிலும் கஷ்டமான காலம்.

அடுத்த வருஷமே பறக்கும் தட்டு, வேற்றுகிரகம், கோமாளி வேஷம் என்று ஒரு படத்துக்கு ஒத்துக்கொள்ள துணிச்சல் வேணும். கைவசம் இருந்த வழக்கமான கதைகளே போதும் என்று அவர் இருந்திருக்கலாம்.

படம் ஏன் பெரிய அளவில் ஓடவில்லை?

1963-ல் மட்டும் எம்ஜிஆர் நடித்து வந்த படங்கள் 9. 'கலை அரசி' வந்து மூன்றே வாரத்தில், மே 10-ல் 'பெரிய இடத்துப் பெண்' ரிலீஸ். கிராமத்து ஹீரோ, பணக்காரத் திமிரை அடக்கும் கதை. ரசிகர்களுக்குப் பழகிய எம்ஜிஆர். அந்தப் படம் நன்றாக ஓடியது.

'கலை அரசி'யில் சிக்கல் எங்கே என்று இப்போது பார்த்தாலும் தெரியும். பாதிக் கதை பூமியில் நடக்கும் குடும்பக் குழப்பம், மீதி விண்வெளி. இரண்டும் ஒட்டவில்லை. எம்ஜிஆர் படத்தில் வில்லன் யார் என்றால் பண்ணையார், மிராசுதார், கொடுங்கோல் ராஜா என்று ரசிகருக்கு உடனே புரியணும். வில்லன் இன்னொரு கிரகத்து ஆள், அதுவும் பாட்டு வாத்தியார் தேடி வந்தவர் என்றால் யார் மேல் கோபப்படுவது?

அதன் பிறகு எம்ஜிஆர் பறக்கும் தட்டுப் பக்கம் போகவே இல்லை.

பரங்கிமலையில் நடந்தது என்ன?

தாம்பரம் ரயிலில் போகிறவர்கள் தினமும் கடக்கிற ஸ்டேஷன் பரங்கிமலை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ராமாபுரம். அங்கேதான் எம்ஜிஆரின் ராமாவரம் தோட்டம். அந்தக் காலத்தில் இந்த ஏரியா எல்லாம் சென்னையே கிடையாது, செங்கல்பட்டு மாவட்டம்.

1967 சட்டமன்றத் தேர்தலில் பரங்கிமலைத் தொகுதியின் திமுக வேட்பாளர் எம்ஜிஆர். ஜனவரி 12-ம் தேதி, ராமாவரம் வீட்டிலேயே அவரைச் சுட்டார் சக நடிகர் எம்.ஆர்.ராதா. உயிர் பிழைத்தார். கழுத்தில் கட்டுடன் இருந்த அவரது போட்டோ போஸ்டராக ஊர் ஊராகப் போனது. தொகுதிக்கு நேரில் வந்து ஓட்டு கேட்க முடியாத நிலையிலும் ஜெயித்தார். 1971-லும் அதே பரங்கிமலையில் வெற்றி.

ஆனால் குண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அவரது பழைய குரல். வசனம் பேசிச் சம்பாதிக்கும் நடிகருக்கு இதைவிடப் பெரிய இழப்பு என்ன? வேறு யாராவது டப்பிங் பேசட்டும் என்று விடாமல், மாறிப்போன அதே குரலில் அவரே பேசினார். 1967 செப்டம்பரில் 'காவல்காரன்' வந்தது. குரல் தெளிவாக இல்லை என்று யாரும் எழுந்து போகவில்லை. படம் வெற்றி.

'கலை அரசி' மாதிரியான படங்களுக்கு இன்று இன்னொரு மதிப்பு இதனால்தான். அதில் கேட்பது குண்டு படுவதற்கு முந்தைய எம்ஜிஆரின் குரல்.

அறிவியலை அதோடு விட்டுவிட்டாரா?

இல்லை. பத்து வருஷம் கழித்து திரும்ப வந்தார். தானே தயாரித்து இயக்கிய 'உலகம் சுற்றும் வாலிபன்' 1973 மே 11-ல் வெளியானது. ஹீரோ ஒரு விஞ்ஞானி. மின்னலின் சக்தியைப் பிடித்து வைக்கும் வழியைக் கண்டுபிடிக்கிறார். அது கெட்டவர்கள் கையில் போய்விடக் கூடாது என்பதுதான் கதை.

இந்த முறை அறிவியல் இருந்தது, ஆனால் வேற்றுகிரகம் இல்லை. பதிலாக சிங்கப்பூர், ஹாங்காங், தாய்லாந்து, ஜப்பான். ஓசாகாவில் நடந்த எக்ஸ்போ 70 கண்காட்சியையே தமிழ் ரசிகர்களுக்குக் காட்டினார். வில்லன் யார் என்பதிலும் குழப்பம் இல்லை.

திமுகவில் இருந்து வெளியேற்றப்பட்டு, 1972 அக்டோபரில் அதிமுகவைத் தொடங்கியிருந்த நேரம் அது. படம் வந்து ஒன்பதாவது நாள் திண்டுக்கல் இடைத்தேர்தல். படமும் ஜெயித்தது, கட்சியும் ஜெயித்தது. 1977-ல் முதலமைச்சர். 1987 டிசம்பர் 24-ல் மறையும்வரை அந்தப் பதவியில் இருந்தார். நடுவில் 1980-ல் சில மாத இடைவெளி மட்டும்.

இப்போ 'கலை அரசி' பார்க்கலாமா?

தாராளமாக. ஆனால் இன்றைய கிராபிக்ஸ் கண்ணோடு பார்க்காதீர்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலம். செட், மாடல், கேமரா தந்திரம் மட்டும் வைத்து ஒரு கிரகத்தையே கட்டியிருக்கிறார்கள். நம்பியார் விண்வெளி உடையில் வந்து நிற்பதைப் பார்த்தால் முதலில் சிரிப்பு வரும். கொஞ்ச நேரத்தில் அந்த உலகத்தை நாமும் ஏற்றுக்கொள்வோம். எம்ஜிஆர் கோமாளியாக அடிக்கும் லூட்டி, தன் இமேஜ் பற்றிய கவலை இல்லாத ஒரு எம்ஜிஆரைக் காட்டும். வேறு படங்களில் இது அபூர்வம்.

கதையின் அடிப்படை யோசனையும் பழசாகவில்லை. எல்லா அறிவியலும் இருந்தும் பாட்டு இல்லாவிட்டால் ஒரு உலகம் முழுமை ஆகுமா என்று 1963-லேயே கேட்ட படம் இது.

ராமாவரம் தோட்டத்தில் இன்று என்ன இருக்கிறது?

1984-ல் உடல்நலம் பாதித்த பிறகு எம்ஜிஆரின் பேச்சு மேலும் சிரமமானது. நியூயார்க் ஆஸ்பத்திரியில் இருந்தபடியே ஆண்டிபட்டியில் ஜெயித்தார். திரும்பி வந்த பிறகும் பழையபடி பேச முடியவில்லை. ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு கஷ்டப்படணும் என்பதை அவர் அனுபவித்தே தெரிந்துகொண்டார்.

தன் ராமாவரம் தோட்டத்தில் வாய் பேச முடியாத, காது கேளாத பிள்ளைகளுக்கு இடம் இருக்கணும் என்று உயிலில் எழுதிவைத்தார். அந்தப் பள்ளி இன்றும் ராமாபுரத்தில் அவர் பெயரில் நடக்கிறது. பாட்டே கேட்டிராத ஒரு கிரகத்தின் கதையில் நடித்தவர், சத்தமே கேட்காத பிள்ளைகளுக்குத் தன் தோட்டத்தில் இடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.