கைத்தொழில் தந்த அன்னை

புதுவை ரொமேன் ரோலண்ட் வீதியில் பழம்பெரும் பிரெஞ்சு மாளிகை ஒன்று உண்டு. வறிய குடும்பத்துப் பெண்கள் பூத்தையல் கற்று, அத்தொழிலாலேயே ஊதியமும் பெறுமாறு குளூனி சபைக் கன்னியர் அதனைத் தொழிற்கூடமாக்கினர். அச்சபையைத் தோற்றுவித்தவர் ஆன் மரி ஜவுகே அம்மையார். அவர் புதுவை மண்ணை மிதித்தவரல்லர். ஆயினும் அவர்தம் வாழ்வை அறிந்தார்க்கே அக்கூடத்தின் பொருள் முழுதும் விளங்கும்.

1779 நவம்பர் 10ஆம் நாள், பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில், வளமான உழவர் குடியில் அம்மையார் பிறந்தார். புரட்சிக் கொந்தளிப்பில் கல்வி சிதைந்திருந்த காலத்தில் ஊர்ச் சிறுவரைத் தாமே கூட்டிக் கற்பித்தார். 1807இல் தங்கையர் மூவரும் உடன்வரத் துறவு பூண்டு சபையை நிறுவினார். 1822இல் ஆப்பிரிக்காவின் செனகலுக்கும், 1828இல் தென்னமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலுள்ள மானாவுக்கும் கடல் கடந்து சென்றார்.

மானாவில்தான் அவருக்குப் பெருஞ்சோதனை காத்திருந்தது. அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்ட ஏறத்தாழ 500 ஆப்பிரிக்கரைப் பிரெஞ்சு அரசு அவரிடம் ஒப்படைத்தது. அவர்களுக்கு எழுத்தும் உழவும் கைத்தொழிலும் பயிற்றுவித்தார். 1838இல் 185 பேர் விடுதலை எய்தினர். விடுதலைக்கு முன் பயிற்சிக்காலம் வேண்டும் என்ற அக்கால எண்ணம் இன்று நமக்கு உடன்பாடன்று, விடுதலை பிறப்புரிமை. ஆனால், பிழைக்கும் வழியின்றி விடப்பட்டவர் மீண்டும் பிறர்க்கு அடிமையாவர் என்று அவர் கண்டது மெய். குடியேற்ற முதலாளிகள் அவரைப் பகைத்தனர். திருச்சபைத் தலைமையோடு எழுந்த பிணக்கால் நற்கருணையும் அவருக்குச் சிலகாலம் மறுக்கப்பட்டது. அப்போதும் அவர் பணியைக் கைவிடவில்லை.

அவர் மானாவுக்குப் புறப்படுவதற்கு முந்திய ஆண்டே, 1827இல், அவருடைய சபைக் கன்னியர் புதுவையில் கால்வைத்தனர். பள்ளியும் தையலும் இங்கு வேரூன்றின. பெண் ஒருத்திக்கு ஒருவேளைச் சோறிட்டு அனுப்புதல் எளிது. நூலின் நிறம் தேரவும், துணியை இழுத்துக் கட்டவும், இழை பிசகாமல் இதழ் வரையவும் அவளைப் பழக்க ஆண்டுகள் வேண்டும். அப்பொறுமையே உயர்ந்த ஈகை. தன் உழைப்பின் ஊதியத்தைத் தன் கையால் வாங்குபவள், மகளின் படிப்புக்கு மற்றவர் முகம் பார்த்து நிற்க வேண்டியதில்லை. வீட்டில் அவள் சொல்லும் ஏறும்.

பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் 1848இல் அடிமைமுறை ஒழிந்ததைக் கண்ட பின்னரே, 1851 சூலை 15ஆம் நாள் பாரிசு நகரில் அம்மையார் மறைந்தார். ஏழைமைக்கு இரங்கும் கவிதை நம்மிடம் நிறைய உண்டு. ஏழைப் பெண்ணின் விரல் கற்ற தொழிலை, அவள் ஈட்டிய கூலியின் பெருமிதத்தைப் பாடும் கவிதைகளோ மிகச் சில. அக்குறையை நிறைவு செய்தல் புதுவைப் பாவலர் கடன்.